வயிற்றெரிச்சலுக்கு ஒரு சூத்திரம்

யாருக்கு எவ்வளவு வலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. காலையில் வந்ததும் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, முந்தின நாள் யார் யாரை எவ்வளவு அடித்தார்கள் என்று பார்ப்பாள். அடி குறைந்திருந்தால் கூட்டுவாள், கூடியிருந்தால் குறைப்பாள். இதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவளை அடியக்கா என்றே கூப்பிட்டார்கள். தபால் கொண்டுவருகிறவர் அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றே கையெழுத்து வாங்குகிறார்.

அங்கே செய்துகொண்டிருந்தது ஒரு கணினி விளையாட்டு. வாள்வீரன், வில்லாளி, வைத்தியச்சி, மந்திரக்காரர்கள். காடு, குகை, குகைக்குள் டிராகன். ஆடுகிறவர் இவர்களில் ஒருவராக மாறி, மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்து, கடைசியில் டிராகனைக் கொல்ல வேண்டும். திரையில் வாள் பளிச்சென்று இறங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். வாள் இறங்கின இடத்திலிருந்து எழும்பி மறைகிற எண்ணை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்த எண் அவளுடையது.

அலுவலகம் மாடியில், கீழே டயர் கடை. டயரிலிருந்து காற்று இறங்கும் சத்தம் டிராகனின் மூச்சுக்கு அத்தனை பொருத்தமாக இருந்ததால் அதையே பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். இதைக் கேள்விப்பட்ட டயர் கடைக்காரர் தன் கடையும் விளையாட்டில் வரும் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்துகொண்டிருந்தாள். ஒருவர் ஒரு துணியைக் கொண்டுவந்து, "இதே நிறந்தான், ஆனா கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கணும்" என்பார். அவள் ஒரு சொட்டு மஞ்சளை விட்டுக் கலக்கி, சிரித்துவிட்டதா என்று அவர் முகத்தைப் பார்ப்பாள். விளையாட்டுக் கம்பெனியின் ஓவியர் அந்தக் கடைக்கு அடிக்கடி வருகிறவர். "எங்ககிட்டயும் கலக்கத்தான் ஆள் தேடறாங்க. என்ன, பெயின்ட்டுக்குப் பதிலா எண்" என்று அவர் சொல்லித்தான் அவள் மாடியேறினாள்.

முதல் வாரமே மானம் போயிற்று. அவள் எழுதிய முதல் சூத்திரம் மிக எளிது. அடிக்கிறவனின் வலுவிலிருந்து வாங்குகிறவனின் காப்பைக் கழித்தால் வருவது அடி. வாள்வீரனின் வலு நாற்பது. டிராகனின் செதிலுக்குக் காப்பு ஐம்பத்தைந்து. கழித்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து. கம்ப்யூட்டருக்கு வெட்கம் கிடையாது. டிராகனின் உயிரிலிருந்து அதையும் ஒழுங்காகக் கழித்தது. இல்லாததைக் கழித்தால் கூடத்தானே செய்யும்? வீரன் ஓங்கி வெட்ட வெட்ட டிராகன் கொழுத்துக்கொண்டே போயிற்று.

"அடிச்சு வளர்க்கறதுன்னா இதுதான் போல" என்றார் ஓவியர்.

அன்று அவள் ஒரு விதி போட்டாள். எவ்வளவு சொத்தை ஆள் அடித்தாலும், எவ்வளவு பெரிய பூதம் வாங்கினாலும், அடி ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது. எறும்பு கடித்தாலும் கடிதான். அலுவலகத்தில் அதற்கு எறும்பு விதி என்று பெயர்.

சூத்திரம் எழுதச் சொல்லித்தரும் புத்தகங்கள் இருந்தன. அவற்றையும் படித்தாள். ஆனால் எண் சரியாக இருப்பது வேறு, எண் உறைப்பது வேறு என்பது அவள் கட்சி. உறைக்கிற எண்ணுக்கு அவள் பழமொழிகளிடம்தான் போவாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்: ஒரே இடத்தில் விடாமல் அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் எதிரியின் காப்பு கொஞ்சம் குறையும். யானைக்கும் அடி சறுக்கும்: எவ்வளவு பெரிய ராட்சதனும் இருபது முறைக்கு ஒருமுறை குறி தவறியே ஆக வேண்டும். இவை ஆட்டத்தில் நன்றாக வேலை செய்தன. அவளுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் சாபக்காரியை உண்டாக்கினாள்.

சாபக்காரி வாளெடுக்க மாட்டாள். கையில் ஒரு குச்சி, வாயில் சாபம். அவ்வளவுதான் அவள் படைக்கலம். பிரச்சினை, அந்தச் சாபத்துக்கு எதை வைத்துப் பலம் கணக்கிடுவது என்பது.

"மந்திரம்னா புத்திதானேக்கா. மத்த மந்திரக்காரங்களுக்கு வெச்ச மாதிரி, புத்தி எவ்வளவோ அவ்வளவு அடி" என்றான் மாத்திரை.

மாத்திரை என்பவன் விளையாட்டுக்கு நிரல் எழுதுகிறவன். அவள் தருகிற சூத்திரங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதிச் சேர்ப்பது அவன் வேலை. இங்கே வருவதற்கு முன் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். எந்த நோய்க்கு எந்த மருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். யாராவது நெற்றியைப் பிடித்துக்கொண்டால் போதும், மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டிவிடுவான். பெயர் அதனால் வந்தது.

"சாபத்துக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் அவள். "புத்தி இருக்கறவன் எதுக்கு சாபம் விடப் போறான்? வக்கீலைப் பாப்பான். வயிறெரிஞ்சு சொன்னாத்தாம்பா சாபம் பலிக்கும். அதனால இவளுக்கு மட்டும் புத்திக்கு பதிலா வயித்தெரிச்சல்னு ஒரு எண் வை. அது எவ்வளவோ அவ்வளவு அடி. அது எப்படிக் கூடும்னு கணக்கு நான் தரேன்."

"எப்படிக் குறையும்?"

"அதெல்லாம் குறையாது."

மாத்திரை முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு தலையாட்டினான். "விடுங்கக்கா. வயித்தெரிச்சல்தானே? அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

பையனுக்குத்தான் எத்தனை அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வயிற்றெரிச்சல் கூடுகிற கணக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி சுலபம்: சாபக்காரிக்கு எவ்வளவு உயிர் போகிறதோ அவ்வளவு வயிற்றெரிச்சல் சேரும். இரண்டாவது பகுதிதான் அவளுக்குப் பெருமையானது. அது அவள் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. அவள் மாமியாரின் ஓரகத்தி, அதாவது மாமியாரின் கொழுந்தனார் மனைவி, ஒரு நாள் புது ஃப்ரிட்ஜின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். இரண்டு கதவு. மாமியார் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி சிறிதாக்கினார். "நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த "நல்லா இருக்கட்டும்" கூடத்தைத் தாண்டி அடுப்படிவரை வந்து உறைத்தது. ஒருவரும் மாமியாரைத் தொடவில்லை, ஒரு பொருளும் அவரிடமிருந்து போகவில்லை, ஆனாலும் எண் ஏறியது. அவள் அன்றே கணக்கை எழுதிவிட்டாள்: கூட்டாளிக்கு எது கிடைத்தாலும், புதையலோ மருந்தோ, அதன் மதிப்பில் பாதி சாபக்காரியின் வயிற்றெரிச்சலில் சேரும்.

எங்கிருந்து எடுத்தாள் என்பதை வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் ஆட்டத்தில் சாபக்காரி படுத்துவிட்டாள். சாயங்காலங்களில் ஆடிப் பார்க்க வருகிற கல்லூரி மாணவர்கள் அவளை ஒருமுறை எடுத்தார்கள், மறுமுறை தொடவில்லை. "வாயைத் திறந்தா ஒண்ணுக்கா" என்றாள் ஒரு மாணவி. "எப்ப சாபம் விட்டாலும் ஒண்ணு. எறும்பு விதி மட்டும் இல்லன்னா அதுவும் கிடையாது." இன்னொருவன், "விருந்து சீன்ல நல்லா சாப்பிட வெச்சா கொஞ்சம் பலம் வருதுக்கா. காரமா சாப்பிட்டா இன்னும் வருது" என்றான். கிண்டல் செய்கிறான் என்று அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் எதையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்துவிட வேண்டும் என்ற வியாதி உண்டு. "வெள்ளிக்கிழமை கடைசியா ஒருதரம் எல்லாரையும் ஆட வெச்சுப் பாப்போம்மா. அன்னிக்கும் இவ இப்படியே நின்னா எடுத்துடலாம். அந்த இடத்துல பனி மந்திரவாதியைப் போட்டுடலாம். படம்கூட ரெடி" என்றார். ஓவியர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நீலக் கண், வெள்ளைத் தலைமுடி, காற்றில்லாத இடத்திலும் பறக்கும் அங்கி. அவளுக்கு அந்தப் பனி மந்திரவாதியைக் கண்டதும் எரிந்தது.

கணக்கை மறுபடி பார்த்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் சட்டைப் பொத்தான்களைப் பரப்பி, சிவப்பு உயிர், கறுப்பு வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொண்டு, பூதத்தின் முறை, தன் முறை என்று இரண்டு கையாலும் ஆடினாள். கறுப்புப் பொத்தான் கூடிக்கொண்டே போயிற்று. அலுவலகத்தில் சாபக்காரியைத் தனியே பூதத்தோடு நிற்க வைத்துப் பார்த்தாள். அங்கேயும் சரியாக வந்தது. மாணவர்கள் ஆடினால் மட்டும் ஒன்று. சூத்திரத்தில் பிழை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிழையில்லாத சூத்திரத்தை எப்படித் திருத்துவது?

ஞாயிற்றுக்கிழமை கணவன்தான், "நாங்க வேணா ஆடிப் பாக்கறோம்" என்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருவதால் ஞாயிற்றுக்கிழமை சோபாவை விட்டு அசைய மாட்டான். அசையாமல் செய்யக்கூடிய உதவி என்பதால் இதை முன்வந்து செய்தான். அவனுக்கு வாள்வீரன். பக்கத்தில் அவன் அம்மா. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "சில்லறை இல்ல, தள்ளி நில்லுங்க" என்று ஒரு தலைமுறையையே தள்ளி நிறுத்தி ஓய்வுபெற்றவர்.

"நடுவுல மூக்கை விடைச்சுக்கிட்டு நிக்கறாளே, யாரும்மா இவ?" என்று கேட்டார் மாமியார்.

"சாபக்காரி, அத்தை."

"அச்சு அசலா என் ஓரகத்தி. இவளையே எனக்குக் குடு."

"உங்களுக்கு அவங்களைக் கண்டாலே ஆகாதே அத்தை?"

"அதனாலதாம்மா. இவ அடி வாங்கறதை நான் கண்ணால பாக்கணும்."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கணவன் வாள்வீரன், மாமியார் சாபக்காரி. மூன்றாவது ஆளாக வைத்தியச்சி. அவளைக் கம்ப்யூட்டரே ஓட்டும். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் பையும் பாட்டிலுமாக ஓடிவருவாள்.

குட்டிப் பூதங்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டன. சாபக்காரிக்கு விழுந்த ஒவ்வோர் அடிக்கும் மாமியார், "போடு! இன்னொண்ணு போடு!" என்று பூதங்களுக்குத் தெம்பு கொடுத்தார். கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, அது நீங்க. உங்களைத்தான் அடிக்குது."

"என்னையா?" மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா? எங்க, என்னை அடிச்சவன் எவன்?"

திரையின் மூலையில் வயிற்றெரிச்சல் தொண்ணூறு என்று காட்டியது. மாமியார் சாபப் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார். அதற்குள் வைத்தியச்சி ஓடிவந்து, ஒரு பச்சை பாட்டிலைச் சாபக்காரியின் வாயில் கவிழ்த்தாள். விரல் அழுந்தியது. சாபக்காரி கையை உயர்த்தி, "நாசமாய்ப் போக!" என்றாள். பூதத்தின் தலைக்கு மேல் ஓர் எண் எழும்பியது. ஒன்று. பூதம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, தொண்ணூறு வெச்சிருந்தேனே, யாரு எடுத்தா?" மாமியாரின் குரலில் பழைய டிக்கெட் ஜன்னல் திறந்துகொண்டது. "அந்தப் பச்சை பாட்டில்காரிதான். எதையோ ஊத்தினா, என் வயித்தெரிச்சல் போயிடுச்சு. மருந்து குடிச்சா வயித்தெரிச்சல் போகுமா? அப்படி ஒரு மருந்து இருந்தா கல்யாணமான வருஷமே நான் ஒரு பாட்டில் வாங்கியிருக்க மாட்டேனா?"

"எங்கப்பா பெட்டி பெட்டியா வாங்கியிருப்பார்" என்றான் கணவன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மருந்து என்ற சொல் சிரிப்பை நிறுத்தியது. காரமாகச் சாப்பிட்டால் பலம் வருகிறது. தனியாக நின்றால் சரியாக இருக்கிறது, வைத்தியச்சி கூட இருந்தால் ஒன்று. விடுங்கக்கா, அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்.

"அடப்பாவி மாத்திரை" என்றாள்.

மறுநாள் காலை கைப்பையைக்கூட மாட்டாமல் அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வயித்தெரிச்சல்னா என்ன?"

"அசிடிட்டிதானேக்கா?" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தான். "காலையிலயே ஆரம்பிச்சிடுச்சா? வெறும் வயித்துல காபி குடிச்சீங்களா?"

"அதை மூடு. சாபக்காரிக்கு வயித்தெரிச்சலை எப்படி எழுதி வெச்சே?"

அவன் முகம் மலர்ந்தது. வெகுநாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல் சொன்னான். விஷம், காய்ச்சல், மயக்கம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வயிற்றெரிச்சலையும் ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறான். எண் உயர்ந்தால் வைத்தியச்சி தானாக வந்து தீர்த்துவைப்பாள். "நீங்க சொன்னதோட நிறுத்தலைக்கா, நானா யோசிச்சு சாப்பாட்டையும் சேர்த்தேன். காரம் சாப்பிட்டா கூடும். பச்சை பாட்டில் குடிச்சா சுத்தமாப் போயிடும். ஒரு பக்கவிளைவும் கிடையாது."

"டேய், வயித்தெரிச்சல்னா வயிறு எரியறது இல்லடா!"

"பின்ன?"

ஓவியர்தான் தன் மேசையிலிருந்தே கைகொடுத்தார். "உன்கூடப் படிச்சவன் புது கார் வாங்கி, அதை உன் வீட்டு வாசல்லயே கொண்டாந்து நிறுத்தி, எப்பப்பா நீ வாங்கப் போறேன்னு கேட்டா உனக்கு வருமே, அது."

மாத்திரை இழுப்பறையை மூடினான். அப்படி ஒருவன் நிஜமாகவே இருந்தான் போலிருக்கிறது. "அதுக்கு மருந்து இல்லையேக்கா" என்றான் மெல்ல.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

காரத்தால் வருவதற்கு நெஞ்செரிச்சல் என்று பெயர் மாற்றி நோய்களோடு விட்டான். வயிற்றெரிச்சலைத் தனியே பிரித்தெடுத்தான். பழைய நிரலின் நூல் எங்கெங்கோ போய்ச் சுற்றியிருந்ததால் அவிழ்த்து முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

அன்று மாணவர்கள் வந்தார்கள். வாள்வீரனுக்கும் வில்லாளிக்கும் போட்டி. சாபக்காரியை மட்டும் யாரும் சீண்டவில்லை. சரிசெய்தாயிற்று என்று அவள் சொன்னதற்கு, "போனதடவையும் இதையேதாங்க்கா சொன்னீங்க" என்றார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஓவியர் பனி மந்திரவாதியின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் தெரியாதவர் போல் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியார் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். கையில் மூக்குக் கண்ணாடிப் பெட்டி. "என் ஆளை வேலைய விட்டுத் தூக்கறாங்களாமே, யாரது?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார். முதலாளி எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார்.

டிராகனுக்கு உயிர் தொள்ளாயிரம். சாபக்காரிக்கு இருநூறு. ஆட்டம் தொடங்கியதும் மாமியார் தன் ஆளைக் குகையின் ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் டிராகனைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். வாள்வீரனுக்குக் காயம் பட்டது, வைத்தியச்சி ஆற்றினாள்.

"அவனுக்கு மட்டும் மருந்து. சரி, நல்லா இருக்கட்டும்" என்றார் மாமியார். எண் ஏறியது.

வில்லாளி புதையல் பெட்டியைத் திறந்தான். உள்ளே பொற்கவசம். "உங்களுக்குத் தரட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டான் ஆடிய மாணவன்.

"எனக்கெதுக்குப்பா? நீயே போட்டுக்க. உடம்பெல்லாம் பொன்னா மின்னணும்." எண் குதித்து ஏறியது. சொன்ன தொனியில் அந்தப் பையன் நிஜமாகவே தன் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தொள்ளாயிரத்து அறுபதைத் தொட்டதும் மாமியார் பொத்தானை அழுத்தினார். ஒரே சாபம். டிராகன் சுருண்டு விழுந்தது. டயரில் காற்று இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. மாணவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"முன்னாடி ஒண்ணுக்கும் உதவலை. இப்ப இவ ஒருத்தியே போதும்கறா. மூலையில நின்னு முணுமுணுத்தாலே ஜெயிக்கலாம்னா மத்தவன் எதுக்கும்மா வாளைத் தூக்கறான்? இதுக்குப் பனி மந்திரவாதியே தேவலை."

"நூறுக்கு மேல ஏறாம பண்ணிடலாம் சார். ஒரே வரி" என்றான் மாத்திரை.

"நூறோட நிக்கற வயித்தெரிச்சலை நீ எங்கயாவது பாத்திருக்கியா?" என்றாள் அவள். பெயின்ட் கடையில் நிறம் கூடிப்போனால் டப்பாவை மூடிவிட மாட்டாள். எதிர் நிறத்தில் ஒரு சொட்டு விடுவாள். இதற்கு எதிர் நிறம் எது? மாமியாரைப் பார்த்தாள். ஜெயித்தவர் முகம்போல் அது இல்லை. ஒரே சாபத்தில் முடிந்துவிட்டதே என்ற ஏமாற்றத்தில், நெஞ்சை ஒரு கையால் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வெள்ளைப் பலகையில் எழுதினாள். விட்ட சாபத்தில் கால் பங்கு விட்டவளையே சேரும். தன் வினை தன்னைச் சுடும்.

மாத்திரை விரலை மடக்கினான். "கால் பங்கு திரும்பினா இவ உயிர் குறையும். உயிர் குறைஞ்சா வயித்தெரிச்சல் கூடும். கூடினா அடுத்த சாபம் இன்னும் பெருசாகும். பெருசானா இன்னும் நிறைய திரும்பும். அக்கா, இது எங்க போய் நிக்கும்?"

"அவளா நிறுத்தற இடத்துல. இல்லன்னா அவ விழற இடத்துல."

முதலாளி தாடையிலிருந்து கையை எடுத்தார். "எழுதுப்பா, பாப்போம்."

எழுதி முடிப்பதற்குள் தேநீரும் எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்றும் வந்து போயின. மாமியார் இரண்டு தட்டு சாப்பிட்டார். இந்தமுறை டிராகன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, நேரே குகைமூலைக்குத் திரும்பியது. அது தொடுவதற்குள், முந்நூற்று இருபதிலேயே முதல் சாபம் விட வேண்டியதாயிற்று. டிராகனுக்கு மீதி ஐந்நூற்று எண்பது. கால் பங்காக எண்பது திரும்பி வந்து சாபக்காரியைத் தாக்கியது.

"என்னடா இது, என்னையே குத்துது?"

"அதான்மா புது விதி. பாத்துத் திட்டுங்க" என்றான் மகன்.

வயிற்றெரிச்சல் நானூறு ஆகியிருந்தது. மாமியார் அதையும் விட்டார். டிராகனுக்கு நூற்று எண்பது மிச்சம். சாபக்காரிக்கு வெறும் இருபது. வயிற்றெரிச்சல் ஐந்நூறு. அறையில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். இந்தமுறை வாள்வீரனை ஓட்டிய மகனும் வாளை ஓங்கியபடி டிராகனை நெருங்கிவிட்டான்.

"அம்மா, போதும். இனி ஒண்ணு விட்டா நீங்க காலி. ரெண்டே வெட்டு, நான் முடிச்சிடறேன்."

"நான் இவ்வளவு திட்டினது, கடைசியில நீ வந்து பேர் வாங்கறதுக்கா?"

"ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி!" என்றாள், வாயைத் திறந்தால் ஒன்று என்று சொன்ன அதே மாணவி.

மாமியார் அழுத்தினார். "நாசமாய்ப் போக!" டிராகன் விழுந்தது. நூற்று இருபத்தைந்து திரும்பி வந்து சாபக்காரியும் அதன் பக்கத்திலேயே, விடைத்த மூக்கோடு, விழுந்தாள்.

"இப்ப இது ஜெயிச்சதா, தோத்ததா?" என்று கேட்டார் முதலாளி.

"அது செத்துதா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார் மாமியார்.

"செத்துடுச்சும்மா."

"அப்புறம் என்ன கேள்வி?"

ஓவியர் கைதட்டினார். "தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை!"

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது யார் காதிலும் விழவில்லை. "அடுத்து நான்", "எனக்கு இருபதுலயே நிறுத்தத் தெரியும்", "நீ நிறுத்த மாட்டே, உன்னைப் பத்தித் தெரியாதா" என்று மாணவர்கள் சாபக்காரிக்காகத் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தார்கள். வாள்வீரன் ஆளில்லாமல் குகை வாசலில் நின்றான். முதலாளி சற்று நேரம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஓவியரின் தோளைத் தட்டி, பனி மந்திரவாதியை மூடிவைக்கச் சொன்னார். வரைந்தது வீண் போகக் கூடாது என்று, அவனை டிராகன் குகையில் உறைந்து கிடக்கும் பிணமாக ஓவியர் பின்னர் சேர்த்துவிட்டார். அங்கி மட்டும் இன்னமும் பறக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமியார் வரவில்லை. சோபாவில் சாய்ந்து நெஞ்சுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரே வயித்தெரிச்சலா இருக்கும்மா."

அவள் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். "எந்த வகை, அத்தை?"

"அந்தப் பொரிச்சதைத் தின்ன வகை. உன் ஆபீஸ் பையன் வரும்போது ஒரு அட்டை குடுத்தானே, அதை எடு."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, டம்ளரை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த வகைதான் போகும். ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ் வகை அப்படியேதான் இருக்கு, கவலைப்படாதே. அதுவும் போயிட்டா உனக்கு வேலை எப்படி நடக்கும்?"